முனியப்பன் கண்ட அமைதி

முனியப்பனுக்கு எங்களைப் பிடிக்காது. எங்களை யாருக்கும் பிடித்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அது எங்களுக்குத் தெரியவில்லை.

தங்கச் சுரங்க ஊரான எங்கள் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் துணிக்கடை கங்காதரன் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடும் உள்ளொளிச் சங்கத்துக்கு நான் செயலாளர். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்ததால் அந்தப் பதவி என் தலையில் விழுந்தது. உறுப்பினர்கள் பதினாறு பேர். மளிகைக்கடைக்காரர், பாத்திரக்கடைக்காரர், இரண்டு மூன்று குமாஸ்தாக்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். சுரங்கத்துக்குள் இறங்கியவர் ஒருவர்கூட இல்லை. ஊரில் பாதி ஆண்கள் தினமும் பூமிக்குள் போய் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மனத்தின் ஆழத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டோம். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுவோம். கீழே ரவா கேசரி தயாராக இருக்கும்.

முனியப்பன் பக்கத்துக் கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். முனியப்பன் டிம்பர்மேன். சுரங்கத்துக்குள்ளே மேல்பாறை இறங்கிவிடாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. குட்டையான, தடித்த ஆள். பேச்சு குறைவு. பேசினால் எதிராளிக்கு வலிக்கும். அவருடைய மனைவி அம்சவேணி, “இவரு வாயத் தொறக்காத வரைக்கும் எங்க ஊட்ல சண்டையே இல்ல” என்று சொல்வார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம் பூமிக்கு அடியில் அவர் வேலை செய்துகொண்டிருந்த லெவலில், அதாவது அந்த ஆழத்துத் தளத்தில், ஏர் பிளாஸ்ட் ஆயிற்று. மேலே இருக்கும் பூமியின் பாரம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறுவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வீடுகளில் பாத்திரங்கள் அதிர்ந்தன. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வாசலில் பெண்கள் கூடினார்கள். இரண்டு பேர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள். ஒருவர் முனியப்பன், மற்றவர் அவரோடு வேலை செய்த ராஜப்பா. சாம்பியன் ரீப்ஸ் லைனில் குடியிருந்தவர். வீட்டில் தெலுங்கு பேசினாலும் வெளியே எல்லோரோடும் தமிழில் சிரித்துப் பேசுகிறவர்.

ஐம்பத்தொரு மணி நேரம் கழித்து இடிபாட்டைத் தோண்டி அவர்களை எடுத்தார்கள். முனியப்பன் உயிரோடு வந்தார். ராஜப்பா இல்லை.

இரண்டு மாதத்தில் முனியப்பன் மறுபடி ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறி வேலைக்குப் போனார். ஒரு மாற்றம்தான். ஷிப்டு முடிந்து வந்து குளித்ததும், வீட்டுக்குப் பின்புறம் சுவரைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார ஆரம்பித்தார். அம்சவேணி முதலில் பயந்தார். ராஜப்பாவின் ஆவி பிடித்துக்கொண்டதென்று பக்கத்து வீட்டுக்காரிகள் சொன்னார்கள். மாரிகுப்பத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து வேப்பிலை அடித்தும் பார்த்தார்கள். கடைசியில் அம்சவேணி அழுததும் முனியப்பன் விஷயத்தைச் சொன்னாராம். உள்ளே இருட்டில் பயம் வந்தது, உடம்பெல்லாம் உதறியது, வேறு வேலை இல்லாததால் அந்தப் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கப் பார்க்க அது தனியாகத் தள்ளிப் போய் நின்றது, அப்புறம் பெரிய அமைதி வந்தது. கல் இல்லை, சுவர் இல்லை, நான் என்கிறதுகூட இல்லை. அது எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் இன்னொரு தடவை போக வேண்டும். அதற்காகத்தான் உட்காருகிறேன்.

அம்சவேணி இதைத் துணி எடுக்க வந்த இடத்தில் கங்காதரனிடம் சொல்லிவிட்டார். கங்காதரன் ஆடிப்போனார். பத்து வருஷமாக நாங்கள் படித்தும் பேசியும் ஏங்கியும் வந்தது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு டிம்பர்மேனுக்குக் கிடைத்திருக்கிறது. அவருக்குப் பொறாமை. ஆனால் பொறாமையைப் பக்தியாக மாற்றிக்கொள்ளும் வித்தை எங்கள் எல்லோருக்கும் கைவந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜட்கா வைத்துக்கொண்டு கோரமண்டலுக்குப் போய் முனியப்பனைக் கையோடு கூட்டி வந்தார்.

முனியப்பன் எட்டு ஞாயிறு வந்தார். தனக்குக் கிடைத்ததற்கு மேல் ஏதாவது எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி வந்தார் என்பதை இப்போது நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கதவோரம் உட்காருவார். கங்காதரன் ஆன்ம விரிவின் ஏழு படிகளை விளக்குவார். தாம் ஐந்தாவது படியில் இருப்பதைத் தாமே சொல்லமாட்டார். நான் சொல்ல வேண்டும், அவர் மறுக்க வேண்டும். அது எங்கள் ஏற்பாடு. ஒரு நாள் தியானம் முடிந்து கண்ணைத் திறந்த கங்காதரன், இன்று உடம்பைத் தாண்டிவிட்டதாக மெல்லிய குரலில் அறிவித்தார். எல்லோரும் கைகூப்பினோம். படியிறங்கும்போது முனியப்பன் என்னிடம் சொன்னார்:

“ஒடம்பத் தாண்டிட்டாராம். நான் பார்த்துக்கினே இருந்தேன் வாத்தியாரே. கழுத்துல கொசு கடிச்சதும் திரும்பி வந்து அடிச்சிட்டுப் போனாரு.”

எட்டாவது ஞாயிறு பெங்களூரிலிருந்து ஒரு சுவாமி வந்தார். பட்டுக் காவி, வாசனைத் தைலம், வெளியே கார். முனியப்பனின் கதையைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது மூன்றாம் படிதான், குரு இல்லாமல் இதற்கு மேல் போனால் புத்தி பிசகும் என்றார். முனியப்பன் எழுந்து நின்று, “சாமி எத்தினி லெவல் வரைக்கும் எறங்கி கீறீங்க?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். சுவாமிக்குக் கேள்வி புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது, புரியாததுபோல இருந்தோம். முனியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் அதன்பின் வரவில்லை.

ஆள் போனாலும் கதையை விட எங்களுக்கு மனம் வரவில்லை. சங்கத்தின் பெயரில் பதினாறு பக்கத்துக்கு ஒரு சிறு புத்தகம் போடலாம் என்றார் கங்காதரன். நான் எழுதினேன். இருட்டில் பொன்னிற ஒளி தோன்றியதாக எழுதச் சொன்னார், எழுதினேன். பாறைக்குள்ளிருந்து ஓங்காரம் கேட்டதாகச் சொன்னார், அதையும் எழுதினேன். ராஜப்பா முனியப்பனின் உபதேசத்தைக் கேட்டு, அவர் மடியில் தலை வைத்து, ‘நான் இந்த உடம்பல்ல’ என்று புன்னகையோடு உயிரை விட்டதாக ஒரு பக்கம் வரும். அந்த மடி என் சொந்தக் கற்பனை, யாரும் கேட்கவில்லை. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஐந்நூறு பிரதிகள் அச்சடித்துக் கடைகளிலும் கோயில்களிலும் கொடுத்தோம். ஒரு புதன்கிழமை பிற்பகல், கடைசிக்கு முந்தைய பாடவேளை முடியும் நேரத்தில் முனியப்பன் என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். கையில் அந்தப் புத்தகம். யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். அதுவரை என்னை ‘நீங்க’ என்றுதான் பேசுவார்.

“நீதான எழுதின? நீயும் வா. ராஜப்பா ஊட்டுக்குப் போலாம்.”

தலைமையாசிரியரிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு அவர் பின்னால் போனேன். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் மலைபோலக் குவிந்த சயனைட் மேட்டை ஒட்டிய பாதையில் நடந்தோம். காற்றில் வெள்ளை மண் பறந்து வந்து கண்ணில் விழுந்தது. அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “மடியாம்” என்றார். அதைச் சொல்லித் துப்பினார்.

ராஜப்பாவின் மனைவி கிருஷ்ணம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். எங்களைப் பாயில் உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தார். சுவரில் ராஜப்பாவின் படம். படத்துக்குக் கீழே ஒரு பலகையில் எங்கள் புத்தகம் இருந்தது. அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்.

முனியப்பன் அதைப் பார்த்தார். பிறகு உட்காராமலே பேச ஆரம்பித்தார். அந்தப் புத்தகத்தில் இருப்பது அத்தனையும் புளுகு என்றார். ஒளியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, ராஜப்பாவின் வலது கால் தொடை வரைக்கும் கல்லுக்குக் கீழே இருந்தது, முதல் நாள் பூராவும் தண்ணீர் தண்ணீர் என்று கத்தினார், சாமியைத் திட்டினார், கம்பெனியைத் திட்டினார், ‘கிருஷ்ணா, கிருஷ்ணா’ என்று கூப்பிட்டது கடவுளை அல்ல, உன்னைத்தான், இருந்த இடத்திலேயே எல்லாம் போனார், நானும் போனேன், அந்த நாற்றத்தில் ஞானமும் வரவில்லை, மோட்சமும் வரவில்லை என்றார். சொல்லச் சொல்ல அவர் கண் என்மேல்தான் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் என் மூஞ்சியில் எறிந்த கல். அது என்னைத் தாண்டி அந்தப் பெண்மேல் விழுவதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை.

கிருஷ்ணம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“இதை எழுதினவங்க என்னைப் பார்த்து எழுதல. எனக்குத் தெரியும்ணா. அவரு அப்படிப் பேசற ஆளே கெடையாது. இருந்தாலும் வச்சிக்கினேன்.” நிமிர்ந்து முனியப்பனைப் பார்த்தார். “நீங்களும் என்னைப் பார்த்துச் சொல்லல. வாத்தியாரைப் பார்த்துத்தான் சொல்றீங்க.”

முனியப்பன் அப்போதுதான் அவரைப் பார்த்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு எப்போ போனாரு? நீங்க கையப் புடிச்சினு இருந்தீங்களா?”

முனியப்பன் பாயில் உட்கார்ந்தார். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நான் அவரை எத்தனையோ தடவை பேசாமல் பார்த்திருக்கிறேன். பேச முடியாமல் பார்த்தது அன்றுதான்.

“தெரியலம்மா” என்றார்.

கிருஷ்ணம்மா கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டாவது நாளு கத்தறத உட்டுட்டான். மொனகிக்கினே இருந்தான். நான் எம் பயத்தப் பார்த்துக்கினு கீறேன். அது தள்ளிப் போவுது, போவுதுன்னு பார்க்கறேன். இவன் மொனகினா திரும்பக் கிட்ட வந்துடுது. அந்த மொனகல் எனக்கு எடைஞ்சலா இருந்துச்சிம்மா. எப்போ நிக்கும்னு இருந்துச்சி. அப்பால எல்லாம் நின்னுச்சி. அப்படி ஒரு அமைதி. எம் மனசுதான் அடங்கிப் போச்சின்னு நெனச்சேன்.”

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“மேல கல்லத் தோண்டற சத்தம் கேட்டப்போ சொல்லலாம்னு கைய நீட்டனேன். ஜில்லுனு இருந்தான். நீட்டினா எட்டற தூரம்தான்.”

காபித் தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த ஐம்பத்தொரு மணி நேரத்தில் இவருக்குக் கிடைத்ததும், அதற்காக நாங்கள் இவரைக் கும்பிட்டதும், பக்கத்தில் ஒரு மனிதன் மூச்சு நின்ற அமைதி. அதைத் தன் அமைதி என்று எடுத்துக்கொண்டு இரண்டு வருஷமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அடியில் எங்கேயோ அவருக்கு இது தெரிந்தேதான் இருந்திருக்க வேண்டும். தெரிந்ததைத் தனக்கே காட்டாமல் வைத்திருந்தார்.

கிருஷ்ணம்மா அழவில்லை. எழுந்து அந்தப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கொண்டு போங்கள் என்றார். படியிறங்கிய முனியப்பனிடம், “கையப் புடிச்சிருக்கலாம்ணா” என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை.

நான் நேரே கங்காதரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, “இதை ரெண்டாம் பதிப்பில சேர்க்க முடியாது” என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் சங்கத்துக்கு மைசூரிலிருந்து ஒரு மௌன யோகி கிடைத்தார். அன்றே நான் சங்கத்தை விட்டு விலகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். விலகவில்லை. இன்னும் இரண்டு வருஷம் செயலாளராக இருந்து மௌன யோகியின் மௌனத்தைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினேன். கங்காதரனின் மகன்கள் மாடியில் சரக்கு அடுக்க இடம் வேண்டும் என்று ஜமுக்காளத்தைச் சுருட்டிய பிறகுதான் எங்கள் ஆன்மிகம் முடிந்தது.

முனியப்பன் சில மாதங்கள் சுவர்ப் பக்கமே போகவில்லை என்று அம்சவேணி சொன்னார். சோறு இறங்கவில்லை, வேலைக்கு மட்டும் போய் வந்தார். அப்புறம் திரும்பவும் உட்கார ஆரம்பித்தார். ஆனால் சுவரைப் பார்த்து அல்ல, வீட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

அறுபத்தாறில் ஒரு நாள் பங்காருப்பேட்டை போகிற ரயிலில் அவரோடு எதிரெதிரே உட்கார நேர்ந்தது. மாரிகுப்பத்தில் ஏறிய கூட்டம் உரிகத்தில் இறங்கிவிட, பெட்டியில் நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். ஐந்து வருஷமாக அவரைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டிருந்தவன் நான். ரயிலில் அதற்கு வழியில்லை. என்ன கேட்பதென்று தெரியாமல், இன்னும் உட்காருகிறீர்களா என்று கேட்டேன்.

“குந்தறேன்.”

மனம் விரிகிறதா என்று கேட்டேன். செயலாளர் புத்தி போகவில்லை.

“விரியறது கிரியறதெல்லாம் ஒங்க மாடியில” என்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “பயம் சுளுவு வாத்தியாரே. தள்ளி வச்சிப் பார்த்தா பூடும். எளக்காரம் போவ மாட்டேங்குது. கண்ண மூடினா கங்காதரன் வர்றான், அந்தக் காருசாமி வர்றான், நீ வர்ற. எல்லாரையும் பார்த்து உள்ள சிரிச்சினு கீறேன். எனக்குத் தெரிஞ்சது இவனுங்களுக்குத் தெரியலையேன்னு. அப்படியே பார்த்துக்கினே போனா, ராஜப்பா மொனகினப்பவும் அதே சிரிப்புதான் இருந்துக்கீது. ‘இவன் இன்னா இப்படி மொனகறான், நான் எப்படி கீறேன்’னு. அது அங்கயே இருந்துக்கீது. ஒங்க சங்கத்துக்கு வந்து கத்துக்கினதில்ல.”

அந்த அமைதி மறுபடி வந்ததா என்று கேட்டேன்.

“வரும். வந்தா ஒடனே கண்ணத் தொறந்து, ஊட்ல எல்லாரும் கீறாங்களான்னு பார்த்துடுவேன்.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் எழுதி வைத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. அதனால்தான் அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எழுபத்துமூன்றில் கங்காதரனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. முதல் வாரம் பழைய சங்கத்தார் எல்லோரும் போய்ப் பார்த்தோம். உடம்பு பொய், ஆன்மாவே மெய் என்று ஆளுக்கு ஒரு தடவை சொன்னோம். படுக்கையில் இருந்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் நான்கு பேர் போனோம். மூன்றாவது வாரத்திலிருந்து எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

முனியப்பன் அப்போது வேலையிலிருந்து நின்றிருந்தார். தினமும் மூன்று மணிக்கு கோரமண்டலிலிருந்து நடந்தே வருவாராம். நான் கேள்விப்பட்டு நம்பாமல் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் இருட்டறையில் கட்டில். முனியப்பன் கங்காதரனின் செயலற்ற கையைத் தன் தொடைமேல் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டே ஏசிக்கொண்டிருந்தார்.

“அஞ்சாம் படி, அஞ்சாம் படின்னாங்களே மொதலாளி, இப்போ எந்தப் படியில கீற? சீக்கிரம் சொல்லு, துணி மாத்தணும்.”

கங்காதரன் பாதி வாயால் சிரித்தார். எச்சில் வழிந்தது. முனியப்பன் துண்டால் துடைத்தார். என்னைப் பார்த்ததும், “வா, இவன் செத்தா மடியில தல வச்சிச் செத்தான்னு எழுதறதுக்கு வந்தியா?” என்றார். பிறகு புரட்டிப் போட ஒரு கை பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கனமான மனிதர். அறையில் நாற்றம் அடித்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். முனியப்பன் அதையும் பார்த்துவிட்டு, “உள்ள இழுத்து உடு, ஒண்ணும் ஆவாது” என்றார்.

எதற்காக வருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அம்சவேணி கேட்டிருக்கிறார். அந்த ஆளை உனக்குப் பிடிக்கவே பிடிக்காதே என்றாராம். பிடிக்காதுதான், இன்னும் பார்த்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது, அதனால்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

ஒன்றே கால் வருஷம் வந்தார். எழுபத்தைந்து பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறார்கள் என்று வரிசையில் நின்றுவிட்டார். வந்து சேரும்போது நாலரை. கங்காதரன் போய் அரை மணி ஆகியிருந்தது. மருமகள் சகுந்தலா வாசலில் அழுதுகொண்டிருந்தார். பால் பொங்குகிறதென்று அடுக்களைக்குப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் மூச்சு இல்லை, பக்கத்தில் யாருமே இல்லாமல் போய்விட்டார் மாமா என்று அவரிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

முனியப்பன் சர்க்கரைப் பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். “நீ இன்னாம்மா பண்ணுவ, பக்கத்து ரூம்லதான இருந்த” என்றார். சகுந்தலா அழுது முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்தார்.

மறுநாள் காலை பாடையைத் தூக்கினோம். சங்கத்தார் பாக்கியிருந்த ஒன்பது பேரும் வந்திருந்தோம். ஒரு பக்கம் முனியப்பனும் கங்காதரனின் மூத்த மகனும், இன்னொரு பக்கம் நானும் ஸ்டேஷன் மாஸ்டரும் தோள் கொடுத்தோம். பின்னால் வந்தவர்கள் கங்காதரன் கடைசியில் ஆறாம் படியைத் தொட்டிருப்பாரா, இல்லை ஏழையே எட்டிவிட்டாரா என்று பேச ஆரம்பித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரும் தலையைத் திருப்பி ஏதோ சொல்லப் போனதில் பாடை ஒரு பக்கம் சாய்ந்தது.

“ஆளு சாயறான் பாருங்க” என்றார் முனியப்பன். “வாயை மூடிக்கினு நடங்க.”